கேட்டது ஒரு நாள்

மாசி மாதம், ஒரு புதன்கிழமை முற்பகலில் என் மாமியாரைப் பாம்பு கடித்தது. அப்போது நான் கல்வராயன் மலைமேல் இருந்தேன். அவர் கீழே, அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டைக் கொடி, அதாவது வேர்க்கடலைச் செடி, பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கரியாலூர்ப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீசியன். எங்கள் வீடு சின்னசேலத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில். காலையில் பேருந்தில் மலை ஏறி, மாலையில் இறங்குவேன். என் கணவர் சின்னசேலத்தில் டிராக்டர் மெக்கானிக். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

கணவர்தான் போன் செய்தார்.

“அம்மாவ பாம்பு கட்சிட்சி.”

“எங்க கட்சிது? இன்னா பாம்புன்னு யாராச்சும் பாத்தாங்களா?”

“கணுக்கால்ல. கண்ணாடி விரியன்னு சொல்றாங்க. கூட வேல செஞ்சவங்க மந்திரிக்கறவர்கிட்ட போலாம்ன்றாங்க.”

“வாணாங்க. கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, நேரா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“வண்டில ஏத்திட்டேன். நீ தெனம் கத்திக்கினு இருந்தது எனக்கே மனப்பாடம் ஆயிட்சி.”

அந்த ஒரு பதிலில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினேன். பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தபோது இரண்டாவது அழைப்பு வந்தது.

“ரத்தம் உறையலியாம். மருந்து ஏத்திக்கினு இருக்காங்க. டாக்டர் உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும், அப்பறம் பாக்கலாம்ன்றாரு.”

பேருந்து ஏறியதும் போனில் சிக்னல் போய்விட்டது. மலையிறக்கம் முழுவதும் அப்படித்தான்.

எதையும் பட்டியலாகப் பார்ப்பது என் வழக்கம். அந்த விரியன் கடித்தால் என்னென்ன ஆகலாம் என்று படித்திருந்தேன். ஈறில் ரத்தம் கசியும். சிறுநீரகம் நின்றுபோகும். மூளையில் கசியலாம். படித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக மனதில் வந்தன. தெரியாதவர்களுக்கு ஒரு பயம்தான். எனக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு பயம் இருந்தது. சத்தம் வராமல் அழுதேன்.

பக்கத்தில் ஒரு மலைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். காலடியில் சந்தைக்குப் போகும் பச்சை மஞ்சள் மூட்டை.

“எதுக்கும்மா அழுவுறே?”

“மாமியார பாம்பு கட்சிட்சிங்க.”

“மாமியாளுக்கா இவ்ளோ அழுவுறே?”

முன் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூட்டையில் கையை விட்டு ஒரு மஞ்சளை எடுத்து ஒடித்தார். என் கைக்குட்டையை வாங்கி, அதன் மேல் அழுத்தித் தேய்த்தார். துணி மஞ்சளானது.

“காசு இருந்தா முடி. உன் சாமிகிட்ட கேளு. வாய்விட்டுக் கேக்கணும். மனசுக்குள்ள கேட்டா சாமிக்குக் கேக்கும், உனக்குக் கேக்காது.”

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வேண்டிக்கொள்வோம். கேட்டது கிடைத்ததும் முடிச்சை அவிழ்த்து, காசைக் கோயில் உண்டியலில் சேர்ப்போம். நான் ஒரு ரூபாயை முடிந்தேன். எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். நீளமாக ஒன்றும் வரவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தைதான் வந்தது.

“தாயே, எங்க அத்தைக்கு நாளைக்கு ஒரு நாள் குடு.”

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. கள்ளக்குறிச்சி வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தையின் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. உதட்டோரம் ரத்தம். ஆனால் வாய் ஓயவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்:

“புடுங்கின கொடியெல்லாம் வெயில்ல கெடக்குது. யாருடி மல்லாட்ட ஆயறது?”

“அவங்க ஆஞ்சிக்குவாங்க அத்த. நீ பேசாத படு.”

“பேசாத படுத்தா செத்துட்டேன்னு தூக்கினு பூடுவாங்க.”

சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விரியன் விஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். விஷம் இருந்தால் ஓடும். மருந்து ஏற்றிவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

அன்று ரத்தம் தண்ணீராக ஓடியது. மறுபடி மருந்து ஏற்றினார்கள். அடுத்த சோதனையிலும் ஓடியது. மறுநாள் காலையிலும் ஓரத்தில் மட்டும் லேசாகத் திரண்டு, நடுவில் ஓடியது. அத்தையின் பேச்சும் குறைந்துவிட்டது. கணவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். “அவ்ளோதானா?” என்று என்னைக் கேட்டார். கைக்குட்டை முடிச்சை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

வியாழன் பிற்பகல். அந்த லேபில் இருந்த பெண்ணுக்கு நானும் அதே வேலை செய்கிறவள் என்று தெரியும். என்னைக் கூப்பிட்டார்.

“நேரம் ஆயிட்சி சிஸ்டர். நீங்களே சாச்சிப் பாருங்க.”

என் வேலையில் எத்தனையோ குழாய்களைச் சாய்த்திருக்கிறேன். அன்று “தாயே” என்று ஒரு முறை சொல்லிவிட்டுச் சாய்த்தேன்.

ரத்தம் நகரவில்லை.

இன்னும் சாய்த்தேன். அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் இருந்தது. நான் கேட்ட நாள் முடிய இன்னும் நேரம் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அத்தையைக் காப்பாற்றியது மருந்தா, அம்மனா என்று என்னுடன் வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். மருந்து என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். படம் போட்டே விளக்குவேன். கடித்த உடனே வண்டி கிடைத்ததும், மகனுக்கு என் கத்தல் மனப்பாடமாக இருந்ததும், ஆஸ்பத்திரியில் மருந்து இருந்ததும், மூன்று முறை தோற்ற பிறகும் டாக்டர் கைவிடாமல் இருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அந்த வரிசையை நான் போடவில்லை. போட்டவளுக்கு நன்றி சொல்கிறேன். ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பிரார்த்தனை செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

அதற்குப் பிறகு சிறுநீரகம் கொஞ்சம் தகராறு செய்தது. சில முறை டயாலிசிஸ் வைத்தார்கள். பங்குனியில் அத்தை வீடு திரும்பினார். உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்க் காசைச் சேர்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

“இன்னான்னு வேண்டிக்கினே?”

“நாளைக்கு ஒரு நாள் குடு தாயேன்னு வேண்டிக்கினேன் அத்த.”

“அப்பறம்?”

“அவ்ளோதான்.”

அத்தை என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

“ஏண்டி, படிச்சவதானே நீ? பத்து வருசம், இருவது வருசம்னு கேட்டா நாக்கு வெந்துடுமா? மாமியாளுக்குன்னா எல்லாமே கம்மிதான் உனக்கு. கொழம்புல உப்பு கம்மி. ஆயுசும் கம்மி.”

“டாக்டர் அதத்தான் அத்த சொன்னாரு. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும்னு.”

“டாக்டரு சொன்னா? ரேசன்ல சக்கர வாங்கற மாதிரியா சாமிகிட்ட போயி அளந்து கேப்பே?”

கணவர் சமாதானம் செய்ய வந்தார். “அதான் குடுத்துட்டா இல்லம்மா. காச போட்டுட்டு வந்துடறோம்.”

“போடாத!” அத்தை எழுந்தே விட்டார். “போட்டா கணக்கு தீந்துபூடும். கேட்டா, குடுத்தேன், காசு வந்துட்சின்னு அவ பாட்டுக்கு அடுத்த வூட்ட பாக்கப் பூடுவா. நான் யார கேக்கறது? முடிச்ச அவுக்காத. அந்த ஆணில மாட்டு. ஒரு நாளுதானே கேட்டே? இனிமே தெனம் காத்தால நானே ஒரு நாளு கேட்டுக்கறேன்.”

அப்படித்தான் அந்தக் கைக்குட்டை சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஏறியது. மறுநாளிலிருந்து அத்தை முகம் கழுவியதும் முடிச்சைத் தொட்டு, “இன்னிக்கு ஒரு நாளு குடு” என்பார். ஊரில் கேலி செய்தார்கள். பூசாரி மட்டும், “கேக்கறவங்க கேக்கட்டும், குடுக்கறவ குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. “நாள்னா இருபத்திநாலு மணி நேரம் அத்த. காலைல கேட்டா மறுநாள் காலை வரைக்கும் கணக்கு.”

“அது உன் ஆஸ்பத்திரி நாளு. பொழுது மொளச்சி பொழுது சாஞ்சா ஒரு நாளு. ராத்திரி நம்பளுது இல்ல, அவளுது. தூங்கறவள எழுப்பி வுட்டா அது அவ இஷ்டம்.”

இதைப் பெரிய தத்துவமாக அவர் சொல்லவில்லை. மாலையில் விளக்கு வைத்ததும் வேறொரு வேலையை ஆரம்பித்தார். அதுதான் எங்களை மாற்றியது.

“இன்னிக்கு வாங்கின நாளுக்கு இன்னா பண்ணோம்?” என்று கேட்பார்.

“வேலைக்குப் போனேன் அத்த.”

“அது சம்பளத்துக்குப் போனது. நாளுக்கு இன்னா பண்ணே?”

முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மலை ஏறி இறங்கிக் களைத்து வந்தவளுக்குப் பரீட்சையா என்று கணவரிடம் முணுமுணுத்தேன். அவருக்கும் அதே பரீட்சைதான். ஒரு நாள் அவர் கேள்வி வந்ததும் வெளியே போய், பல மாதமாகக் காற்றில்லாமல் கிடந்த அத்தையின் பழைய சைக்கிளைச் சரி செய்துவிட்டு வந்து, “இத பண்ணேன்” என்றார். அத்தை அந்த இருட்டும் நேரத்திலேயே தெருமுனைவரை மிதித்துவிட்டு வந்தார்.

என் போனில் வேலைப் பட்டியல் ஒன்று வைத்திருப்பேன். இன்று, இந்த வாரம், பிறகு என்று மூன்று தலைப்புகள். “பிறகு” என்பதன் கீழ் வெகு நாளாக ஒரு வரி இருந்தது: அத்தையை அருவிக்கு அழைத்துப் போக வேண்டும். அத்தை நின்று கூலி வேலை செய்யும் நிலத்திலிருந்து பார்த்தால் மலை தெரியும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர். ஒரு தடவையும் ஏறியதில்லை. “அந்த மலைல இன்னாதான்டி இருக்குது, நீ தெனம் போய்க்கினு வர்றியே” என்று அவர் கேட்கும்போதெல்லாம், அறுவடை முடியட்டும், மழை நிற்கட்டும், வீட்டுக்கு ஓடு மாற்றி முடியட்டும் என்று ஏதாவது சொல்வேன்.

டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன வாரமே அழைத்துக்கொண்டு போனேன். கரியாலூர் தாண்டி, படிகளில் கைப்பிடித்து மெதுவாக இறக்கினோம். எடுத்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நனைந்துவிடும் என்றேன். “நனையத்தானே வந்தோம்” என்று நேராகப் போய்ச் சாரலில் நின்றார். அவர் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன். பிறகு திரும்பி, மகனிடம் கோபமாகச் சொன்னார்:

“இவ்ளோ தண்ணி சும்மா வுழுந்துக்கினு இருக்குது. ஒரு மடைய நம்ம பக்கம் திருப்பி வுட ஆளில்லயாடா?”

அன்று மாலை விளக்கு வைத்தபோது அவர் கேள்வி கேட்கவில்லை. பாதி தூக்கத்தில் இருந்தார்.

இன்னொரு நாள் அத்தை சின்னசேலத்தில் ரயில் ஏறி சேலம் போய், ஒரு பரோட்டா சாப்பிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினார். பல வருடம் பேசாதிருந்த தங்கையைப் பார்க்கத் திருநாவலூர் போனார். போய் மறுபடி சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தார். “பரவால்ல, முன்னே பேசாத சண்ட, இப்ப பேசற சண்ட” என்றார். பல நாட்களில் ஒன்றும் பெரிதாக நடக்காது. அவித்த மல்லாட்டையை மூன்று பேரும் போனைத் தொடாமல் தின்று முடித்ததுதான் அன்றைய கணக்கு.

வேலையில் எனக்கு ஒரு மாற்றம் வந்தது. ரத்தம் கொடுத்தவர்களிடம், “ரிசல்ட்டுக்கு நாளைக்கு வாங்க” என்பது வழக்கம். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உள்ளே உள்ள ஊர்களிலிருந்து மலைக்காரர்கள் காட்டுவழியில் நடந்து வருகிறார்கள். நாளைக்கு வரச் சொன்னால் அவர்களுடைய இன்னொரு நாளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் என்றால் என்னவென்று பேருந்தில் அழுதவளுக்குத் தெரியாதா? வேலையின் வரிசையை மாற்றினேன். தூரத்தில் இருந்து வருகிறவர்களின் மாதிரிகளை முதலில் எடுத்தேன். முடிந்தவரை அன்றே முடிவைக் கையில் கொடுத்து அனுப்பினேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பாம்பு கடித்த பிறகு அத்தை இரண்டு ஆடித் திருவிழா பார்த்தார். எத்தனை நாள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவளை அவர்தான் தடுத்தார். “எண்ணாத. எண்ணினா கண்ணு பட்டுக் கொறஞ்சிபூடும்.”

இரண்டாவது ஆடி முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல முடிச்சைத் தொட்டார். கறி எடுத்து வரச் சொன்னார். “இன்னிக்கு மட்டும் உப்பு போட்டு ஆக்குடி” என்றார். டாக்டர் கொஞ்சம் தளர்த்தியிருந்ததால் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு, “இன்னிக்குத்தான் கொழம்பு கொழம்பாட்டம் இருக்குது” என்றார். மாலையில் விளக்கு வைத்ததும் கேட்டார்.

“இன்னிக்கு இன்னா பண்ணே?”

“உப்பு போட்டேன் அத்த.”

“அது போதும்” என்று சிரித்தார். படுத்தார். காலையில் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தார். “தெனம் கேட்டுக்கினு இருந்தாங்களே. இன்னா பிரயோசனம்? காப்பாத்தலியே உங்க சாமி” என்றார்.

என் கணவர் சொன்னார்: “நேத்து காத்தால கேட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் குடுத்தா. கேட்ட நாள முழுசா குடுத்துட்டுத்தான் கூட்டிக்கினு போயிருக்கா.”

காரியம் முடிந்த பிறகு இருவரும் கோயிலுக்குப் போனோம். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். காசு மஞ்சளாகியிருந்தது. “நான் கேட்டது ஒரு நாள் தாயே” என்று வாய்விட்டுச் சொல்லி உண்டியலில் போட்டேன். நான் ஒன்றுதான் கேட்டேன். அவள் எத்தனை கொடுத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைக்குட்டையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, வேறொரு காசை முடிந்து, அதே ஆணியில் மாட்டினேன். இப்போது காலையில் நானும் என் கணவரும் தொட்டுவிட்டுக் கிளம்புகிறோம். என் போன் பட்டியலில் “பிறகு” என்ற தலைப்பு இல்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். பெரிதாகக் கேட்க வாய் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். ஒரு நாள் கேளுங்கள். கேட்பது சிறியது என்று அவள் தட்டுவதில்லை. ஆபத்து எதுவும் இல்லாமல் நலமாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நாளைக் காலையில் விழித்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கிய பொருளை யாரும் வீணாக்க மாட்டார்கள்.

இன்று எனக்கு விடுமுறை. காலையில் வாங்கிய நாளில் இதை எழுதி முடித்திருக்கிறேன். பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திருநாவலூரிலிருந்து அத்தையின் தங்கை வந்திருக்கிறார். குழம்பில் உப்பு கம்மி என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். நான் போக வேண்டும்.